பூசணிக்காயும் வேகத்தடையும்

எங்கள் பெரியப்பா ஊருக்குப் போகிற வழியில் ஒரு வளைவு இருக்கிறது. வெண்ணாற்றங்கரையோடு சமர்த்தாக வந்துகொண்டிருக்கும் சாலை, ஒரு மதகுக்குச் சற்று முன்னால் இடப்பக்கம் வெடுக்கென்று ஒடியும். டெல்டாவின் உள்சாலைகள் பல இப்படித்தான். ஆற்றுக்கரை, வாய்க்கால் கரை, பழைய வண்டித்தடம் ஆகியவற்றின் மேலேயே தாரை ஊற்றி உண்டானவை. தண்ணீர் வளைந்த இடத்தில் சாலையும் வளைந்துதான் ஆகவேண்டும். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் புளியமரம். எதிரே நெல் மூட்டை ஏற்றிய லாரி வந்தால் ஒதுங்க ஒரு முழம் இடம் கிடையாது. சம்பா அறுப்பு முடிகிற தை, மாசியில் அந்தச் சாலையிலும் பாதிதான் மிஞ்சும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும் என்பது விதி. களம் இல்லாதவர்கள் தார்ச்சாலையில் நெல்லைக் கொட்டிக் காயவைத்து, ஓரத்தில் கருங்கல்லையும் முள்ளையும் அணைகொடுத்து வைத்திருப்பார்கள். இருட்டில் வரும் மோட்டார் சைக்கிள்காரருக்கு அந்தக் கல் தெரியாது.

ஒரு வருஷம், பத்து மாதத்துக்குள் அந்த வளைவில் மூன்று பேர் செத்துப்போனார்கள். “அந்த எடம் காவு கேக்குது” என்று ஊரில் பேச்சு எழுந்தது. ஆடி மாதம் எல்லை முனீஸ்வரனுக்குக் கிடா வெட்டி, வளைவில் பூசணிக்காய் உடைத்தார்கள். அடுத்த வருஷம் அங்கே ஒரு சாவும் இல்லை.

இரண்டு கிலோமீட்டர் தள்ளி, பள்ளிக்கூடத்துப் பக்கம் இன்னொரு வளைவு. அதே காலத்தில் அங்கேயும் மூன்று சாவு. அந்த ஊர்க்காரர்கள் சாமிக்கு நேர்ந்துகொள்ளவில்லை, மனு கொடுத்தார்கள். நெடுஞ்சாலைத்துறை வந்து வேகத்தடை போட்டு வெள்ளைக்கோடு அடித்தது. அடுத்த வருஷம் அங்கேயும் சாவு இல்லை.

பெரியப்பா முனீஸ்வரன் கட்சி. அவர் மகன், எனக்கு அண்ணன், சிவில் எஞ்சினியர், வேகத்தடை கட்சி. பொங்கலுக்குப் போயிருந்தபோது இருவரும் என்னை நடுவில் இழுத்து உட்காரவைத்தார்கள். “நீதான் ஊருக்கெல்லாம் எழுதுறியே தம்பி, நீ சொல்லு” என்றார் அண்ணன்.

“ரெண்டு பேரும் காட்டுற சாட்சி ஒண்ணுதான் அண்ணே. முன்னாடி மூணு, பின்னாடி சைபர். இது வேகத்தடைக்குச் சாட்சின்னா பூசணிக்காய்க்கும் சாட்சிதான்.”

பெரியப்பா சிரித்தார். அண்ணன் முறைத்தார்.

அந்த முறைப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. வேகத்தடை எப்படி வேலை செய்கிறது என்பது நமக்குத் தெரியும். 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் என்று இந்திய சாலைக் காங்கிரஸ் சொல்லும் அளவில் ஒழுங்காகப் போட்டிருந்தால் வண்டி மெதுவாகத்தான் போகும். பூசணிக்காய்க்கு அப்படி ஒரு வழிமுறை கிடையாது. ஆனால் கேள்வி அது இல்லை. அரசிடம் இருக்கிற பணத்தில் நூறு இடத்தில் வேகத்தடை போடுவதா, முப்பது இடத்தில் விளக்குக் கம்பம் நடுவதா, பத்து இடத்தில் சந்திப்பைப் பிரித்துக் கட்டுவதா? எது எத்தனை உயிரைக் காக்கும் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ‘எத்தனை’ என்று கேட்டுவிட்டால் ‘முன்னாடி மூணு, பின்னாடி சைபர்’ உதவாது. ஏன் உதவாது என்பதைக் கண்டுபிடிக்கப் புள்ளியியல்காரர்களுக்கே நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

நேரடி விதைப்பு செய்கிறவரைப் பார்த்திருப்பீர்கள். கை பழகிய ஆள் எவ்வளவு சீராக வீசினாலும் விதை சீராக விழாது. ஒரு மா நிலத்தில் சாண் சதுரத்துக்குச் சராசரியாக இரண்டு விதை விழுகிற மாதிரி வீசியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு சதுரத்தை எண்ணிப் பார்த்தால், சுமார் 14 சதுரம் காலியாக இருக்கும். 27-ல் ஒரு விதை, 27-ல் இரண்டு, 18-ல் மூன்று, 9-ல் நான்கு. மிச்சமுள்ள ஐந்து சதுரத்தில் ஐந்து விதையோ அதற்கு மேலோ குவிந்து கிடக்கும். அந்த ஐந்து சதுரத்தின் மண்ணில் எந்த விசேஷமும் கிடையாது. கையை விட்டுப் போன விதை எங்கேயாவது விழுந்துதானே ஆகவேண்டும்! பிரெஞ்சுக் கணிதவியலாளர் புவாசோன் 1837-ல் எழுதிய சூத்திரத்திலிருந்து வரும் எண்கள் இவை.

அந்தச் சூத்திரத்தை ஊரறியச் செய்தது குதிரை. 1898-ல் லடிஸ்லாஸ் போர்ட்கீவிச் என்பவர், பிரஷ்யப் படையில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் கணக்கை எடுத்தார். பத்துப் படைப்பிரிவு, இருபது ஆண்டு. ஆக 200 பதிவு. மொத்தச் சாவு 122. அந்த 200-ல் 109 பதிவில் ஒரு சாவும் இல்லை, 65-ல் ஒன்று, 22-ல் இரண்டு, 3-ல் மூன்று, ஒரே ஒன்றில் நான்கு. நான்கு பேர் செத்த அந்தப் படைப்பிரிவில் குதிரைகளுக்கு அந்த வருஷம் மட்டும் கிறுக்குப் பிடித்திருக்கும் என்று தளபதி நினைத்திருக்கலாம். புவாசோன் சூத்திரம் தரும் எண்களோடு போர்ட்கீவிச்சின் எண்கள் கிட்டத்தட்ட அப்படியே பொருந்தின. குதிரைமேல் குற்றமில்லை.

இனி நம் சாலைக்கு வருவோம். ‘கரும்புள்ளி’ என்று போலீஸ்காரர்களும் நெடுஞ்சாலைக்காரர்களும் சொல்வது, மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் தேசிய நெடுஞ்சாலைகளுக்காக வகுத்த ஒரு வரையறை. சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள், மூன்று ஆண்டுகளில், உயிரிழப்போ படுகாயமோ நேர்ந்த விபத்து ஐந்து நடந்திருக்க வேண்டும். அல்லது மொத்தம் பத்துப் பேர் இறந்திருக்க வேண்டும். அப்படி இருந்தால் அந்த இடம் பட்டியலில் ஏறும், சீரமைக்கப் பணம் வரும்.

ஒரு கற்பனைக் கணக்கு. தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் வரை அச்சில் வார்த்ததுபோல் ஒரே மாதிரி நூறு இடங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் உண்மையான ஆபத்தும் ஒன்றே: மூன்றாண்டுக்குச் சராசரி மூன்று விபத்து. இந்த நூறில் எத்தனை இடம் கரும்புள்ளி ஆகும்? ஒன்றுகூட ஆகக்கூடாது என்று தோன்றும். புவாசோன் கணக்குப்படி 18 இடம் ஆகும். அந்தப் பதினெட்டு இடங்களின் பதிவேட்டைப் புரட்டினால் சராசரி 5.7 விபத்து இருக்கும். இப்போது அந்தப் பதினெட்டிலும் ஒன்றுமே செய்யாமல் சும்மா இருங்கள். அடுத்த மூன்றாண்டில் சராசரி மூன்றுக்கு வந்துவிடும். ஏனென்றால் அவற்றின் உண்மையான சராசரி எப்போதுமே மூன்றுதான். ஆக, விபத்து 47 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது! அந்த இடைவெளியில் யார் எதைச் செய்திருந்தாலும் பெருமை அவருக்கு. வேகத்தடை போட்டவர் போஸ்டர் ஒட்டலாம், பூசணிக்காய் உடைத்தவர் அடுத்த வருஷம் இரண்டாக உடைக்கலாம்.

இதற்குச் சராசரிக்குத் திரும்புதல் என்று பெயர். பிரான்சிஸ் கால்டன் 1886-ல் அப்பா அம்மா உயரத்தையும் பிள்ளைகள் உயரத்தையும் ஒப்பிட்டுக் காட்டினார். மிக நெட்டையானவர்களின் பிள்ளைகள் நெட்டையாகவே இருந்தாலும் பெற்றோர் அளவுக்கு இல்லை. விவசாயிக்குக் கால்டன் தேவையில்லை. இந்த வருஷம் ஊரிலேயே அதிக மூட்டை கண்ட வயல் அடுத்த வருஷமும் அதே எண்ணிக்கையைக் காணாது என்று அவருக்குத் தெரியும். நல்ல வயல் என்பது ஒரு பங்கு, அந்த வருஷத்து அதிர்ஷ்டம் ஒரு பங்கு. அதிர்ஷ்டம் வருஷா வருஷம் அதே வயலில் தங்காது. துரதிர்ஷ்டமும் அப்படியே.

இது ஏட்டுக் கணக்கு என்று தள்ள வேண்டாம். பிரிட்டனில் வேகம் பிடிக்கும் கேமரா வைத்த இடங்களை 2005-ல் அரசே மதிப்பிட்டது. அந்த அறிக்கையின் பின்னிணைப்பில் நகர்ப்புற இடங்களை எடுத்துப் பிரித்துப் பார்த்திருந்தார்கள். உயிரிழப்பும் படுகாயமும் உண்டான மோதல்கள் கேமரா வைத்த பிறகு 55 சதவீதம் குறைந்திருந்தன. அந்த 55-ல் சுமார் 35 சராசரிக்குத் திரும்பியதால் வந்தது. சுமார் 9, நாடு முழுக்க விபத்து குறைந்துகொண்டிருந்த போக்கால் வந்தது. கேமராவுக்கு மிஞ்சியது 10 சொச்சம். பத்து சதவீதம் என்பது சின்ன விஷயமில்லை, உயிர்கள். ஆனால் 55 என்று நம்பி வரவு செலவுத் திட்டம் போடுவதும் 10 என்று தெரிந்து போடுவதும் ஒன்றாகாது.

அந்த 9 சதவீதத்தைச் சற்று நின்று பார்க்கவேண்டும். ஊரெங்கும் நடந்த மாற்றத்தை நம் வேலையின் பலனாக எடுத்துக்கொள்ளும் தவறு இது. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இந்தத் தவறு நடக்காது. 1922-ல் தொடங்கிய நிலையம் அது. ஏடிடி 27, ஏடிடி 36, ஏடிடி 43 என்று டெல்டாவின் வாயில் புழங்கும் ரகங்களெல்லாம் பிறந்த இடம். அங்கே ஒரு புது ரகத்தைச் சோதிக்கும்போது, பக்கத்துப் பாத்தியிலேயே எல்லாருக்கும் தெரிந்த பழைய ரகம் ஒன்றையும் நட்டிருப்பார்கள். மேட்டூர் ஜூன் 12-ல் திறந்து, மழையும் பூச்சியும் தயவு காட்டிய வருஷத்தில் புது ரகம் அள்ளிக்கொடுத்தால் அது ரகத்தின் பெருமையா, வருஷத்தின் பெருமையா? பக்கத்துப் பாத்தியைப் பார்த்தால் தெரிந்துவிடும். எந்தப் பாத்தியில் எந்த ரகம் என்பதையும் சீட்டுப் போட்டுத்தான் முடிவு செய்வார்கள். ரொனால்ட் ஃபிஷர் 1920-களில் இங்கிலாந்து வயல்களில் வகுத்துக்கொடுத்த முறை.

சாலைக்கும் பக்கத்துப் பாத்தி வேண்டும். தமிழ்நாட்டில் 2017-ல் என்னவெல்லாம் நடந்தது என்று யோசியுங்கள். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் சொன்ன தீர்ப்பு, 2017 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. மாநிலம் முழுக்க மூவாயிரத்துக்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகள் ஒரே நாளில் மூடின. பிற்பாடு பல கடைகள் வேறு இடத்தில் திறந்தன, தீர்ப்பும் தளர்ந்தது. அதே சமயத்தில் டெல்டாவில் கடும் வறட்சி. அறுவடை இல்லை, நெல் லாரி இல்லை. இந்த நிலையில் 2017 மார்ச்சில் ஒரு வளைவில் தடுப்புக்கம்பி நட்டு, வருஷக் கடைசியில் விபத்து குறைந்தது என்றால் கம்பிக்கு மாலை போடுவதா, நீதிபதிக்கா, வறட்சிக்கா? கம்பி நடாத, மற்றபடி அதே மாதிரியான பத்து வளைவுகளில் எவ்வளவு குறைந்தது என்று பார்க்காமல் சொல்ல முடியாது.

எல்லாவற்றிலும் நேர்மையான வழி ஒன்று உண்டு. நம் ஊருக்குப் பழக்கமானதும்கூட. மாவட்டத்தில் 60 கரும்புள்ளி இருக்கிறது, இந்த வருஷப் பணம் 30-க்குத்தான் போதும் என்றால், முதல் முப்பதைக் குடவோலை போட்டு எடுத்துவிடலாம். பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு சபை உறுப்பினர்களுக்குச் செய்த வேலையைச் சாலைக்குச் செய்கிறோம், அவ்வளவே. மீதி முப்பது அடுத்த வருஷம். அந்த ஒரு வருஷ இடைவெளியில் இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டால் சீரமைப்பின் பலன் கலப்படமில்லாமல் தெரிந்துவிடும். இதை எந்த அதிகாரியும் ஒத்துக்கொள்ள மாட்டார் என்பது எனக்கும் தெரியும். ‘எங்க ஊர் வளைவைச் சீட்டுப் போட்டா விட்டீங்க?’ என்று சாலை மறியல் நடக்கும்.

ஆகவே சீட்டுப் போடாமலேயே உண்மையை எட்டிப் பிடிக்க ஒரு வழி தேவைப்பட்டது. அதைச் சாலைப் பொறியாளர்களிடம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தவர் டொரண்டோ பல்கலைக்கழகத்தின் எஸ்ரா ஹாவர். சாலைப் பாதுகாப்பில் முன்-பின் ஒப்பீடுகளை எப்படிச் செய்யவேண்டும் என்று 1997-ல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். 2010-ல் வந்த அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் கையேட்டிலும் அந்த முறை ஏறியது. அதன் பெயர் எம்பிரிகல் பேய்ஸ். 18-ஆம் நூற்றாண்டுப் பாதிரியார் தாமஸ் பேய்ஸின் பெயர் அது. “முனியை விரட்டப் பேயைக் கூட்டியாறியா?” என்று பெரியப்பா கேட்டார்.

நெல் வியாபாரியின் குத்தூசியை வைத்து இதைச் சொல்லலாம். மூட்டையில் குத்தி ஒரு கை நெல் எடுக்கிறார். அதில் பதர் அதிகம். மூட்டை முழுக்கப் பதர் என்று உடனே முடிவு கட்டுவாரா? மாட்டார். இது எந்த ஊர் நெல், என்ன ரகம், எந்தப் பட்டம், அந்த ஊர் நெல் வழக்கமாக எப்படி இருக்கும் என்று அவருக்கு ஒரு கணக்கு மனசில் உண்டு. கையில் இருப்பது ஒன்று சொல்கிறது, அனுபவம் ஒன்று சொல்கிறது; இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ விலை சொல்வார். மூட்டை ஒன்றே ஒன்று என்றால் அனுபவத்தின் பக்கம் சாய்வார். ஐம்பது மூட்டையில் குத்திப் பார்த்து ஐம்பதிலும் பதர் என்றால் கையில் இருப்பதை நம்புவார்.

ஹாவரின் முறையும் இதையே செய்கிறது, எண்ணில். ஒரு வளைவில் மூன்றாண்டில் 7 விபத்து. அதே அகலம், அதே போக்குவரத்து, அதே மாதிரி வளைவு உள்ள மற்ற இடங்களின் சராசரி 3. இடத்துக்கு இடம் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்து இரண்டுக்கும் எவ்வளவு எடை கொடுப்பது என்று ஒரு சூத்திரம் சொல்லும். சரிபாதி என்று வைத்துக்கொள்வோம். அப்போது அந்த வளைவின் உண்மையான ஆபத்து என்று நாம் எடுத்துக்கொள்ளவேண்டியது 5. ஏழு இல்லை. பிறகு, ஒப்பீட்டு இடங்களில் அதே காலத்தில் விபத்து பத்து சதவீதம் குறைந்திருந்தால், ஒன்றுமே செய்யாமல் விட்டிருந்தாலும் இங்கே 4.5 நடந்திருக்கும். வேலை முடிந்த பின் நடந்தது 4. எனவே குறைந்தது 11 சதவீதம். பழைய பாணியில் ஏழிலிருந்து நான்கு என்று எண்ணியிருந்தால் 43 சதவீதம் என்று பலகை வைத்திருப்போம்.

அந்த 11 சதவீதத்தையும் ஒற்றை வளைவை வைத்து நம்பக்கூடாது. சராசரி நான்கு உள்ள இடத்தில் ஒரு முறை இரண்டும் மறுமுறை ஆறும் நடப்பது சர்வ சாதாரணம். இதே வேலை செய்த நாற்பது, ஐம்பது இடங்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் சத்தம் அடங்கிக் குரல் கேட்கும். ‘எங்க ஊர் வளைவில் பலன் தந்ததா?’ என்ற கேள்விக்குப் பெரும்பாலும் பதில் கிடையாது. ‘இந்த மாதிரி வளைவுகளில் பலன் தருமா?’ என்பதற்குத்தான் உண்டு.

இவ்வளவு சூத்திரமும் ஒரு நம்பிக்கைமேல் நிற்கிறது: எண்ணியவர் ஒழுங்காக எண்ணியிருக்கிறார் என்பது. அதில் தமிழ்நாடு ஒரு பாடமே நடத்தியிருக்கிறது.

2016-ல் தமிழ்நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் 17,218 பேர். 2017-ல் 16,157. 2018-ல் 12,216. 2019-ல் 10,525. 2020-ல் எட்டாயிரத்துச் சொச்சம். நான்கே ஆண்டில் பாதிக்கு மேல் சரிவு! உலக வங்கி பாராட்டியது. மத்திய அமைச்சர் நிதின் கட்கரி மற்ற மாநிலங்களுக்குத் தமிழ்நாட்டை எடுத்துக்காட்டாகச் சொன்னார். எனக்கும் பெருமையாகவே இருந்தது. பிற்பாடு மத்திய அமைச்சகத்தின் ஆண்டறிக்கையில் அந்த எண்கள் திருத்தப்பட்டு வந்தன. 2018-ல் இறந்தவர்கள் 18,390-க்கு மேல். 2019-ல் 18,129. ஊரடங்கு இருந்த 2020-ல் 14,527. சரிவு என்று கொண்டாடிய முதல் இரண்டு ஆண்டில் உண்மையில் சாவு ஏழு சதவீதம் ஏறியிருக்கிறது.

திருத்தம் வருவதற்கு முன்பே சந்தேகப்பட்டிருக்க முடியுமா? முடியும். அதற்கு எம்பிரிகல் பேய்ஸ்கூட வேண்டாம், வகுத்தல் போதும். அன்று வெளியான எண்களின்படி 2016-ல் தமிழ்நாட்டில் 71,431 விபத்து. நூறு விபத்துக்கு 24 சாவு. 2019-ல் 57,228 விபத்து, நூறுக்கு 18. அதே மூன்றாண்டில் இந்தியா முழுமைக்கும் நூறு விபத்துக்கு 31 என்பது 34 ஆக ஏறிக்கொண்டிருந்தது. விபத்து இருபது சதவீதம் குறைய, சாவு முப்பத்தொன்பது சதவீதம் குறைகிறது. நாடு ஒரு பக்கம் போக நாம் மறுபக்கம் போகிறோம். ஆம்புலன்ஸ் விரைந்து வந்திருக்கலாம், மருத்துவம் மேம்பட்டிருக்கலாம்; மறுக்கவில்லை. ஆனால் பக்கத்துப் பாத்தியைப் பார்க்கிற பழக்கம் இருந்திருந்தால் கைதட்டுவதற்கு முன் ஒரு கேள்வி எழுந்திருக்கும். அந்தக் கேள்வியை அன்று நானும் கேட்கவில்லை.

ஒரு சாவு கணக்கில் ஏறாமல் நழுவுவதற்குச் சதி தேவையில்லை. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒருவர் அடிபடுகிறார். அங்குள்ள காவல் நிலையத்தில் காயம் என்று முதல் தகவல் அறிக்கை பதிவாகிறது. அவரைத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள். பன்னிரண்டாம் நாள் அங்கே, வேறு மாவட்டத்தில், உயிர் போகிறது. விபத்து நடந்து 30 நாளுக்குள் இறந்தால் அது சாலை மரணம் என்பது உலக வழக்கம். தஞ்சாவூரிலிருந்து செய்தி திருவாரூர் மாவட்டத்து நிலையத்துக்குப் போய், அங்கே வழக்கின் பிரிவை மாற்றி, மாற்றிய பிறகு மாவட்டப் பட்டியலிலும் எண்ணைத் திருத்தினால்தான் அவர் செத்தவர். நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போனால் புள்ளிவிவரத்தில் அவர் காயத்தோடு உயிர் வாழ்ந்துகொண்டிருப்பார்.

இடமும் இப்படித்தான். ‘அம்மாபேட்டை அருகே’ என்று எழுதிய அறிக்கையை வைத்துக்கொண்டு எந்த 500 மீட்டர் என்று கண்டுபிடிப்பது? சென்னை ஐஐடி உருவாக்கி நாடெங்கும் நடைமுறைக்கு வந்திருக்கும் ஐராட் தரவுத்தளத்தில், காவலர் சம்பவ இடத்தில் நின்று போனிலேயே இடக்குறியீட்டோடும் படத்தோடும் பதிவு செய்கிறார். கேட்க அலுப்பூட்டும் வேலை. என்னைக் கேட்டால், கடந்த சில ஆண்டுகளில் சாலைப் பாதுகாப்புக்காகச் செய்ததில் நீண்ட நாள் நிற்கப்போவது இதுதான்.

இனி வரப்போவது பெரிய பரீட்சை. விக்கிரவாண்டி – தஞ்சாவூர் நால்வழிச் சாலையின் சேத்தியாத்தோப்பு – சோழபுரம் பகுதி 2025 ஜூலையில் திறந்தாகிவிட்டது. பல வருஷம் இழுத்தடித்த வேலை. பஸ்களும் லாரிகளும் புது வழிக்கு மாற, ஊர்களுக்குள் நெளிந்துபோகும் பழைய சாலையில் விபத்து குறையும். குறைந்ததும் ‘புதுச் சாலை உயிர் காத்தது’ என்று யாராவது சொல்லத்தான் போகிறார்கள். பழைய சாலையில் குறைந்தது புதுச் சாலையில் எவ்வளவு ஏறியது? காலியான பழைய சாலையில் வண்டிகள் முன்னைவிட வேகமாகப் போகின்றனவா? நாலுவழியின் இந்தப் பக்கம் வீடும் அந்தப் பக்கம் வயலும் உள்ளவர் மாட்டோடு எங்கே கடக்கிறார்? இரண்டு சாலையையும் இரண்டு ஓரத்துக் கிராமங்களையும் சேர்த்து ஒரே கணக்காக எடுத்தால்தான் விடை வரும்.

அதற்காக மூன்றாண்டு காத்திருந்து பிணம் எண்ணவேண்டும் என்பதும் இல்லை. வேகத்தை இன்றே அளக்கலாம். சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர்போகும் விபத்து சுமார் நான்கு சதவீதம் கூடும் என்பது, சுவீடனின் யோரன் நில்சன் தொடங்கிவைத்த ஆராய்ச்சிகளிலிருந்து உலக சுகாதார நிறுவனம் எடுத்துச் சொல்லும் கணக்கு. வேகத்தடைக்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் வேகமானி வைத்தால் ஆயிரக்கணக்கான வண்டியின் அளவு கிடைக்கும். மூன்று சாவை வைத்துக்கொண்டு அண்ணனும் பெரியப்பாவும் மல்லுக்கட்ட வேண்டிய அவசியமே இருக்காது.

இதை அண்ணனிடம் சொன்னேன். மறுநாள் காலை இருவரும் வளைவுக்குப் போனோம். அவர் கைபேசியில் நேரம் பார்க்க, இரண்டு புளியமரத்துக்கு நடுவில் 50 மீட்டர் அளந்து குறித்துக்கொண்டு, ஒவ்வொரு மோட்டார் சைக்கிளும் எத்தனை விநாடியில் கடக்கிறது என்று எழுதினோம். பூசணிக்காய் உடைத்த வளைவில் அரை மணி, வேகத்தடை போட்ட வளைவில் அரை மணி. முதலாவதில் பெரும்பாலான வண்டிகள் நாலு விநாடிக்குள் கடந்தன; மணிக்கு 45 கிலோமீட்டருக்கு மேல். இரண்டாவதில் எட்டு, ஒன்பது விநாடி ஆயிற்று. நாற்பது வண்டிக் கணக்கு ஆராய்ச்சி ஆகாது. ஆனால் பெரியப்பா அந்தத் தாளை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “நம்ம வளைவுலயும் ஒண்ணு போடச் சொல்லி மனு எழுதிக் குடு” என்றார். கிடா வெட்டு நிற்காது என்றும் சேர்த்துச் சொன்னார்.

கிடா இருக்கட்டும். பூசணிக்காய் விபத்தைக் குறைக்கிறதா என்று சொல்ல நம்மிடம் தரவு போதாது. நடுரோட்டில் உடைத்துப் போட்ட பூசணிக்காயில் இருசக்கர வண்டி வழுக்கும் என்பதற்குத் தரவே வேண்டாம். வருகிற ஆயுதபூஜைக்கு உடைக்கிறவர்கள், உடைத்த கையோடு அதை அள்ளி ஓரமாகப் போட்டுவிடுங்கள்.